செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஏன் கை வைக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: 2027 ஜூலையில் கோல்ஃபின் ஓப்பன் சாம்பியன்ஷிப் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குத் திரும்பி வருகிறது. அதற்காக அங்குள்ள ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் டீக்களை (முதல் அடி அடிக்கும் இடங்களை) பின்னால் தள்ளுகிறார்கள், பங்கர்களை (மணல் குழிகளை) இடம் மாற்றுகிறார்கள் என்று செய்தி. ஐநூறு வருஷமாக இயற்கையாகவே இருந்த மைதானத்தை இப்படிக் கெடுக்கலாமா? அப்படி மாதக்கணக்கில் தயார் செய்ய அங்கே என்னதான் இருக்கிறது?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கை வைப்பதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. அந்த மைதானத்தின் மேல் கை வைக்காத தலைமுறையே கிடையாது. ஆனால் இந்த முறை நடக்கும் வேலையில் இரண்டு ரகம் கலந்திருக்கிறது. ஒன்று, நாளடைவில் மறைந்துபோனதை மீட்பது. அதை மனசார வரவேற்கலாம். இன்னொன்று, பந்து ரொம்பத் தூரம் பறக்கிறது என்பதற்காக டீயைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவது. அது வியாதியை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மாத்திரை போடுகிற கதை. செய்திகளில் வருவதெல்லாம் இந்த இரண்டாவது ரகம்தான். இதையெல்லாம் விடப் பெரிய வேலை புல்லிலும் மணலிலும் நடக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

"இயற்கையாகவே இருந்த" என்கிற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மொத்தச் சர்ச்சையும் அதன் மேல்தான் நிற்கிறது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே மணலும் மேடுபள்ளமுமாகக் கிடக்கும், உழவுக்கு உதவாத நிலம் அது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், ஊர்க்காரர்கள் விளையாடுவார்கள். 1552இல் ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டன் அந்த நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமையைத் தனக்கு எடுத்துக்கொண்டு, கோல்ஃபும் கால்பந்தும் ஆடும் ஊராரின் உரிமையைப் பட்டயத்தில் உறுதி செய்து கொடுத்தார். இதுவரை இயற்கை, சரி. 1764இல் 22 ஹோல்களாக (ஒரு டீயிலிருந்து ஒரு குழி வரை ஒரு ஹோல்) இருந்த சுற்றை, முதல் நாலு ஹோல்களை இரண்டாக்கி 18 ஆகக் குறைத்தார்கள். அன்றைக்கு ஒரு குழுவினர் வசதிக்காக எடுத்த முடிவுதான் இன்றைக்கு உலகம் முழுக்க ஒரு சுற்று என்றால் 18 ஹோல் என்று ஆகியிருக்கிறது. 1797இல் நகரசபை கடனில் மாட்டிக்கொண்டு நிலத்தைக் கைமாற்றிவிட, முயல் வியாபாரிகள் அதைப் பிடித்தார்கள். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கும் அவர்களுக்கும் இருபது வருஷத்துக்கு மேல் அடிதடியும் வழக்குமாகப் போய், 1821இல் பக்கத்து எஸ்டேட்காரரான ஜேம்ஸ் சீப் நிலத்தை வாங்கிய பிறகுதான் ஆட்டம் பிழைத்தது.

அப்புறம் வந்தவர்கள் இன்னும் துணிச்சலாகவே கை வைத்தார்கள். முன்பெல்லாம் குறுகலான ஒரே தடம். போகிறவர்களும் திரும்பி வருகிறவர்களும் ஒரே குழியை நோக்கி ஆடினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஆலன் ராபர்ட்சன் காலத்தில், முட்புதர்களை வெட்டித் தடத்தை அகலமாக்கி, பெரும்பாலான கிரீன்களில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) இரண்டு குழி வருகிற மாதிரி விரித்தார்கள். 1865இல் மைதானக் காப்பாளராகத் திரும்பி வந்த ஓல்ட் டாம் மாரிஸ் முதல் ஹோலுக்கென்று தனி கிரீன் போட்டார், 18ஆவது கிரீனையும் அமைத்தார். முதல் கிரீன் தனியாக வந்த பிறகுதான் மைதானத்தை இடவலமாகவும் வலஇடமாகவும் இரண்டு பக்கமும் சுற்ற முடிந்தது. பல வருஷம் திசையை மாற்றி மாற்றி ஆடிப் பார்த்துக் கடைசியில் இன்றைய திசை நிலைத்தது. அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. 12ஆவது டீயில் நின்று பார்த்தால் எதிரே வெறும் புல்வெளிதான், ஆபத்தே இல்லை என்று தோன்றும். நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தால் நடு ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிவிட்ட புல்தடம்) வரிசையாகப் பங்கர்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும், அவ்வளவும் எதிர்த் திசையைப் பார்த்தபடி. எதிர்த் திசையிலிருந்து வருகிறவனுக்கு அவை நன்றாகவே தெரியும். நமக்குத்தான் கண்கட்டு வித்தை.

அதனால் "பழையபடி விட்டுவிடுங்கள்" என்று சொல்கிறவர்களிடம் எந்தப் பழையபடி என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1764ஆ, 1870ஆ, இல்லை 2005இல் டீக்களைப் பின்னால் தள்ளிய பிறகு இருந்ததா?

இந்த மைதானத்தை ஓப்பன் மாதிரியான ஒரு மேஜருக்கு (கோல்ஃபின் நாலு பெரிய போட்டிகளில் ஒன்று) தயார் செய்வது ஏன் தனிச் சிக்கல் என்று புரிய அந்த இரட்டை கிரீன்களைப் பார்க்க வேண்டும். ஏழு கிரீன்களை 14 ஹோல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும், நாலும் பதினாலும் என்று, எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். முதல், ஒன்பதாவது, பதினேழாவது, பதினெட்டாவது மட்டும் தனி. போகும் ஒன்பதுக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் ஒன்பதுக்குச் சிவப்புக் கொடி, கடைசி ஹோலுக்கு மட்டும் மறுபடி வெள்ளை. கிரீன்கள் அவ்வளவு பெரிது என்பதால் நூறு அடி தூரத்துக்கு புட் போடுவதெல்லாம் (கிரீனில் பந்தைக் குழி நோக்கி உருட்டுவது) இங்கே சகஜம். கிரீனில் பந்தை நிறுத்துவது கஷ்டமே இல்லை, குழிக்குச் சரியான பக்கம் நிறுத்துவதுதான் கஷ்டம். ஆக அந்த மைதானத்தின் பாதுகாப்பு முழுக்க அலைஅலையான தரையிலும் காற்றிலும் கெட்டியான மண்ணிலும் இருக்கிறது. நீளமான ரஃப் (ஓரத்தில் வளரவிட்ட புல்) கிடையாது, தண்ணீர் என்று பார்த்தால் முதல் கிரீனுக்கு முன்னால் ஓடும் ஸ்வில்கன் ஓடை மட்டும்தான். ரஃபை வளர்த்து ஃபேர்வேயைக் குறுக்கிவிட்டால் கஷ்டமாகிவிடுமே என்று கேட்கலாம். மற்ற மேஜர் மைதானங்களில் அதைத்தான் செய்வார்கள். இங்கே அகலம்தான் ஆட்டமே. எந்தப் பக்கம் அடிப்பது என்று ஆட்டக்காரனையே முடிவெடுக்க வைப்பதுதான் அந்த மைதானத்தின் புத்திசாலித்தனம். குறுக்கினால் அது வேறு மைதானம்.

கிரீனை வேகமாக்கலாமா என்றால் அங்கேயும் இடிக்கிறது. கிரீன் வேகத்தை ஸ்டிம்ப்மீட்டர் என்கிற சாய்வுக் கம்பியில் பந்தை உருட்டிவிட்டு எத்தனை அடி ஓடுகிறது என்று அளப்பார்கள். மற்ற மேஜர்களில் 12, 13 அடி என்பது சர்வசாதாரணம், இங்கே பத்து அடியை ஒட்டியேதான் வைத்திருப்பார்கள். காரணம் 11ஆவது ஹோல். ஈடன் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய திறந்த இடம் அது, கிரீன் பின்னாலிருந்து முன்னால் செங்குத்தாகச் சரிகிறது, காற்று நேரே கடலிலிருந்து வருகிறது. 2015 ஓப்பனில் சனிக்கிழமை காலை ஆட்டத்தைத் தொடங்கி அரை மணி நேரத்திலேயே நிறுத்தினார்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்து கிரீன்களில் வைத்த பந்து வைத்த இடத்தில் நிற்கவில்லை. பத்து மணி நேரத்துக்கு மேல் எல்லோரும் காத்திருந்தார்கள். போட்டி திங்கட்கிழமைக்கு இழுத்துக்கொண்டு போய், சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் சாக் ஜான்சன் ஜெயித்தார். கிரீன் இன்னும் இரண்டு அடி வேகமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மழையோ வெயிலோ எதற்கும் தயாராக இருக்கலாம், காற்றுக்குத் தயாராக இருப்பது என்றால் வேகத்தைக் குறைத்தே வைத்திருப்பதுதான்.

அந்தப் 11ஆவது கிரீனில்தான் 2012இல் பெரிய ரகளை நடந்தது. கிரீனின் இடது பின்பக்கம் சரிவு அதிகம். பழைய காலத்து மெதுவான புல்லில் அங்கே குழி வைக்கலாம், இன்றைய வேகத்தில் வைத்தால் பந்து நிற்காது. அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் தாழ்த்திச் சமன்படுத்த முடிவெடுத்து, வடிவமைப்பாளர் மார்ட்டின் ஹாட்ரியை வைத்து வேலையைத் தொடங்கினார்கள். 17ஆவது ஹோலின் ரோடு பங்கரை அரை மீட்டர் அகலமாக்குவது, இரண்டாவது கிரீன் பக்கத்தில் பங்கர்களை நகர்த்துவது என்று கூடவே வேறு சிலதும். அறிவித்த சில நாளிலேயே மண் அள்ளும் இயந்திரம் இறங்கிவிட்டது. வடிவமைப்பாளர்களும் ஆட்டக்காரர்களும் கொதித்துப் போனார்கள். எனக்கு அதில் உறுத்தியது வேலையைவிட அவசரம்தான். ஊருக்குச் சொந்தமான ஒன்றில் இவ்வளவு பெரிய காரியம் செய்யும்போது நாலு பேரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சங்கிலியைப் பாருங்கள்: புல் வெட்டும் இயந்திரம் மேம்படுகிறது, கிரீன் வேகமாகிறது, சரிவு தாங்காமல் போகிறது, கடைசியில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்த சரிவை மண்வெட்டியால் சீவுகிறார்கள். வேகத்தைக் குறைத்திருந்தால் சரிவைத் தொட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இப்போதைய வேலைக்கு வருவோம். மெக்கன்சி அண்ட் எபர்ட் என்ற வடிவமைப்பு நிறுவனம், மைதானத்தை நடத்தும் லிங்க்ஸ் டிரஸ்ட், ஓப்பனை நடத்தும் ஆர் அண்ட் ஏ மூவரும் சேர்ந்து செய்வது. 2025 நவம்பரில் தொடங்கியது. 5, 6, 7, 10, 11, 16 ஆகிய ஆறு ஹோல்களில் சாம்பியன்ஷிப் டீ பின்னால் போகிறது. மொத்த நீளம் 132 யார்டு கூடி 7,445 ஆகிறது. 2000இல் டைகர் வுட்ஸ் நாலு நாளும் ஒரு பங்கரில்கூட விழாமல் 269 அடித்து 19 அண்டரில் (மைதானத்துக்கு வகுத்த அடிகளைவிட 19 குறைவாக) ஜெயித்தபோது நீளம் 7,115. அதற்குப் பிறகு 2005இல், 2010இல் என்று தள்ளிக்கொண்டே வந்து 2022இல் 7,313 ஆக்கினார்கள். என்ன ஆயிற்று? கேமரன் ஸ்மித் 268 அடித்து 20 அண்டரில் ஜெயித்தார். அவரைவிட ஒரே ஒரு அடி கூடுதலாக எடுத்தவர் கேமரன் யங், இரண்டு அடி கூடுதலாக எடுத்தவர் ரோரி மெக்கிலராய். கிட்டத்தட்ட 200 யார்டு கூட்டியும் ஸ்கோர் ஒன்று குறைந்ததே தவிர ஏறவில்லை.

இதனால்தான் டீயைத் தள்ளுவதை மாத்திரை என்றேன். இன்னும் எவ்வளவு தள்ளுவது? இடமே இல்லை. இப்போதே சில டீக்கள் பக்கத்து மைதானங்களின் நிலத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. 17ஆவது ஹோல் முன்பு 455 யார்டு; 2010இல் டீயைப் பழைய ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் 495 ஆக்கினார்கள், அதாவது மைதானத்தின் எல்லைக்கு வெளியே நின்று மைதானத்துக்குள் அடிக்க வேண்டும். கேட்கவே விசித்திரமாக இல்லையா? இத்தனைக்கும் பந்தின் தூரத்தைக் குறைக்கப் புதிய விதி வரும் என்று 2023 டிசம்பரில் ஆர் அண்ட் ஏவும் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏவும் சேர்ந்தே அறிவித்தார்கள். நல்ல முடிவு, ரொம்பத் தாமதமான முடிவு. 2027 ஓப்பனுக்கு அது எட்டாது. ஆகவே இந்தப் புது டீக்கள் ஒரு இடைக்கால ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டால் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை, டீ என்பது கொஞ்சம் மண்ணும் புல்லும்தான், வேண்டாம் என்றால் பயன்படுத்தாமல் விட்டுவிடலாம். 11ஆவது கிரீனைச் சீவிய மாதிரி திரும்பப் பெற முடியாத காரியம் இல்லை.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் கொடுத்தது 16ஆவது ஹோல். அங்கே டீயிலிருந்து பார்த்தால் நடுவில் 'பிரின்ஸிபல்ஸ் நோஸ்' என்கிற மூன்று பங்கர் கூட்டம், அதற்குச் சற்றுப் பின்னால் 'டீக்கன் சைம்' என்று இன்னொன்று. வலப்பக்கம் பழைய ரயில் பாதையை ஒட்டி வேலி, தாண்டினால் எல்லைக்கு வெளியே. பங்கருக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அதில் தைரியமாக அடித்தவனுக்கு கிரீன் நன்றாகத் திறந்து கிடக்கும். பயந்தவன் இடப்பக்கம் போவான், அடுத்த அடியில் 'விக்' பங்கர் குறுக்கே வந்து நிற்கும். இதுதான் ஓல்ட் கோர்ஸின் மூளை: இப்போது பட்ட பயத்துக்கு அடுத்த அடியில் வட்டி கட்டு. காலப்போக்கில் அந்த இடப்பக்க வழி ஃபேர்வேயாக இல்லாமல் போனது. இப்போது அதைத் திரும்ப ஃபேர்வேயாக விரித்து, நீளமாக அடிக்கிறவர்களும் யோசிக்கும்படி இடப்புறம் இரண்டு பங்கர்களைப் போடுகிறார்கள். பங்கர் புதுசு, யோசனை பழசு. டீயை எவ்வளவு தள்ளினாலும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது, ஆட்டக்காரன் கிளப்பை எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் குழம்பி நிற்பான்.

ரோடு பங்கரிலும் இந்த முறை வேலை இருக்கிறது. 17ஆவது கிரீனின் முன்பக்கம் நடுவில் ஒரு குழி, பெரிய அகலம்கூட இல்லை. ஆனால் சுற்றியுள்ள தரை அதை நோக்கிச் சரிவதால், பக்கத்தில் எங்கே விழுந்தாலும் பந்து உருண்டு உள்ளே போய்விடும். 1978இல் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டு, புட் போட்ட பந்து உருண்டு அதற்குள் விழ, வெளியே எடுக்க நாலு அடி ஆகி, அந்த ஹோலில் 9 எழுதினார். 2000இல் டேவிட் டுவாலுக்கும் அங்கேயே நாலு அடி போனது. வருஷத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல் ஆடப்படும் மைதானத்தில், அந்தக் குழியிலிருந்து ஒவ்வொருவரும் அடித்து வெளியேறும்போது பந்தோடு ஒரு கை மணலும் பறந்து கிரீன் ஓரத்தில் விழுகிறது. நாளுக்கு நாள் தெரியாது. வருஷக்கணக்கில் பார்த்தால் அந்த ஓரம் மெல்ல மெல்ல உயர்ந்து, பந்தை உள்ளே இழுத்த சரிவு அதை வெளியே தள்ளும் மேடாக மாறிக்கொண்டே வரும். அதைச் சீவிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது கெடுப்பது ஆகாது. சும்மா விட்டிருந்தால்தான் கெட்டிருக்கும்.

மற்ற பங்கர்களும் அப்படித்தான். நூற்றுக்கு மேல் இருக்கின்றன, 112 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இவற்றின் சுவர் புல்தரையைப் பாளம் பாளமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொரு அடுக்கையும் கொஞ்சம் உள்வாங்கி வைத்துக் கட்டுவது. வெயில்படும் பக்கம் சீக்கிரம் காய்ந்து உதிரும், முயல் தோண்டும், உப்புக் காற்று அரிக்கும். அதனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு பகுதியைப் பிரித்துத் திரும்பக் கட்டிக்கொண்டே இருப்பார்கள், ஓப்பன் வரும் வருஷத்தில் எல்லாமே நல்ல நிலையில் இருக்கும்படி கணக்குப் போட்டு. பாளத்துக்குப் பாளம் வேர் பிடித்து இறுகக் காலம் வேண்டும். ஜூலை போட்டிக்கு மே மாதம் கட்டினால் பந்து பட்ட இடத்தில் பொத்தென்று உள்வாங்கிவிடும். அடிமண்ணைக் கெட்டியாக இடித்து ஒவ்வொரு பாளத்தையும் கையால் அடுக்க வேண்டியிருப்பதால் ஒரு பெரிய பங்கருக்கு ஒரு குழு நாள்கணக்கில் உழைக்க வேண்டும், 14ஆவது ஹோலின் 'ஹெல்' மாதிரி ஆளையே விழுங்குகிற பங்கர் என்றால் கேட்கவே வேண்டாம். (1995இல் ஜாக் நிக்லாஸ் அந்த ஹோலில் 10 எழுதியதற்கு அதுதான் காரணம்.)

புல் பக்கம் பார்த்தால், நவம்பரிலிருந்து மார்ச் வரை ஆட வருகிறவர்கள் ஒரு சின்னப் பாயைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஃபேர்வேயில் பந்து எங்கே நின்றாலும் அதை எடுத்துப் பாய் மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். பணம் கட்டி வந்தவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் குளிரில் புல் வளராது, பெயர்ந்த இடம் வசந்தம் வரும்வரை அப்படியே கிடக்கும். அடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இடங்களில்தான் பந்தை இறக்குவார்கள் என்பதால் சில பகுதிகள் மட்டும் குண்டும் குழியுமாகிவிடும். அங்கே மண்ணும் விதையும் கலந்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஓப்பனுக்குச் சில வாரம் முன்னால் பொது ஆட்டத்தை நிறுத்துவதும் இதற்காகவே. தண்ணீரைப் பொறுத்தவரை அங்கே திறமை என்பது விடாமல் இருப்பதில்தான். ஃபெஸ்க்யூ என்கிற மெல்லிய புல், பசிக்கு விட்டால் மண்ணை இறுக்கிப் பிடிக்கும், நிறைய உரமும் தண்ணீரும் கொடுத்தால் வேறு புல் வந்து இதைத் துரத்திவிடும். டிவியில் பச்சைப் பசேல் என்று தெரிந்தால்தான் நல்ல மைதானம் என்று நினைக்கிறவர்கள் ஓப்பனைப் பார்த்துக் காய்ந்து கிடக்கிறதே என்பார்கள். அப்படிக் காயவைக்கத்தான் அவ்வளவு பாடு. 2022இல் தரை எவ்வளவு இறுகிப்போயிருந்தது என்றால், கிரீனைவிட ஃபேர்வேயில் பந்து வேகமாக ஓடுகிறது என்று ஆட்டக்காரர்களே சொன்னார்கள்.

அந்த வருஷம் இன்னொரு தொல்லையும் வெளியே வந்தது: முதல் நாள் ஒரு சுற்று முடிக்க ஆறு மணி நேரத்துக்கு மேல். 9, 10, 12, 18 என்று பல பார்-4 (நாலு அடியில் முடிக்க வேண்டிய) ஹோல்களில் டீயிலிருந்தே கிரீனை எட்டிவிடலாம் என்பதால், முன்னால் இருப்பவர்கள் புட் போட்டு முடிக்கும்வரை பின்னால் வருகிறவர்கள் நிற்க வேண்டும். போதாததற்கு ஏழாவதும் பதினொன்றாவதும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. டீயைப் பின்னால் தள்ளினால் சில கிரீன்கள் எட்டாமல் போய்க் காத்திருப்பு குறையலாம், அதே சமயம் முந்தைய கிரீனிலிருந்து பின்னோக்கி நடக்கும் தூரம் கூடும். மொத்தத்தில் லாபமா நஷ்டமா என்பது போட்டியில்தான் தெரியும்.

இன்னொன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். இது தனியார் கிளப் இல்லை. நகரசபை 1894இல் நிலத்தைத் திரும்ப வாங்கியது, 1974இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே டிரஸ்ட் வந்தது.  முதல் ஹோலுக்கும் கடைசி ஹோலுக்கும் குறுக்கே கிரானி கிளார்க்ஸ் விண்ட் என்ற சின்னப் பொதுச் சாலை போகிறது, கடற்கரைக்குப் போகிறவர்கள் பந்து வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டமே கிடையாது, நாயும் குழந்தைகளுமாக ஊரே ஃபேர்வேயில் உலாத்தும். ஓப்பன் மாதிரியான சில போட்டிகளுக்குத்தான் விதிவிலக்கு. சுமார் 17,000 பேர் வாழும் ஊருக்கு 2022இல் 2,90,000 பேர் வந்தார்கள், அதுவரை ஓப்பன் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். டிக்கெட் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 13 லட்சத்துக்கு மேல். ஊருக்கு ரயில் நிலையம்கூட இல்லை, 1969இல் மூடிவிட்டார்கள், லூகர்ஸில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். கேலரிகள் கட்டுவது, சாலையை மூடுவது, பக்கத்து மைதானங்களைப் பயிற்சிக்கும் கூடாரங்களுக்கும் எடுத்துக்கொள்வது எல்லாம் மாதக்கணக்கான வேலை. 2023இல் ஸ்வில்கன் பாலத்துக்கு முன்னால் மிதிபட்டுப் புல் தேய்ந்த இடத்தில் வட்டமாகக் கல் பாவினார்கள். படம் வெளியானதும் எழுந்த சத்தத்தில் சில நாளிலேயே பெயர்த்து எடுத்தார்கள். கல் பாவியது அசிங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த இடத்தைத் தேய்த்ததே படம் எடுக்க வந்து நிற்கிற நாம்தான்.

நீண்ட காலக் கவலை கடல். ஈடன் முகத்துவாரத்துப் பக்கம் கரை அரிக்கிறது, மணல் மேடுகளைத் திரும்ப எழுப்பிப் புல் நட்டுத் தடுக்கும் வேலை பல வருஷமாக ஓடுகிறது. 2027க்கு அதனால் ஆபத்தில்லை.

என் கணிப்பைக் கேட்டால், நாலு நாளும் காற்று அடங்கி இருந்தால் 7,445 யார்டு இருந்தும் மறுபடி 20 அண்டர் பக்கம் போவார்கள், அதற்காகப் பதற வேண்டியதில்லை. நான் பார்க்கப்போவது 16ஆவது டீயில் எத்தனை பேர் எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்பதைத்தான். எல்லோரும் ஒரே பக்கம் அடித்தால் அந்த வேலை தோல்வி, பிரிந்து அடித்தால் வெற்றி.

கடைசியாக, கேள்வியில் இல்லாவிட்டாலும் பலரும் கேட்பது: நாமும் அங்கே ஆடலாமா? ஆடலாம். ஆட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுத்தால் குலுக்கலில் எடுப்பார்கள், ஹேண்டிகேப் (ஆட்டத் திறன் அளவு) சான்று வேண்டும், ஓப்பன் நெருங்கினால் கிடைக்காது. ஆட்டம் தெரியாது என்றால் ஓப்பன் பரபரப்பு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள், டிக்கெட் கிடையாது, உள்ளே நடக்கலாம். கூட்டமெல்லாம் பாலத்தில் படம் எடுக்க நிற்கும், நீங்கள் 16, 17 பக்கம் போய்ப் பாருங்கள்; பங்கருக்குள் மட்டும் இறங்காதீர்கள், சுவர் உதிரும்.